ஏலம் கேட்டவர் பணம் கட்டவில்லையா? விளையாட்டு கார்டு விற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் பேஸ்பால், கூடைப்பந்து, அமெரிக்கன் ஃபுட்பால் கார்டுகளை இணையத்தில் விற்கும் தமிழர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். பிள்ளைக்காக ஒரு பாக்கெட் வாங்கத் தொடங்கி, பிள்ளைக்கு அலுத்துப்போன பிறகும் அப்பாவுக்கு அலுக்காமல் போன கதைதான் பெரும்பாலும். என் கதையும் அதுவே. புதிதாக விற்க வருபவர்கள் என்னிடம் கேட்பதில் முக்கால்வாசி ஒரே விஷயம்: வாங்குகிறேன் என்றவர் வாங்கவில்லை, இப்போது என்ன செய்வது? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிப்பதால் இங்கே எழுதிவைக்கிறேன். தளங்களின் விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், விற்கும் முன் உங்கள் தளத்தின் உதவிப் பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஒரு காகித அட்டைக்கு இவ்வளவு கலாட்டாவா?

பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டையைத் தரையில் தட்டி விளையாடிய நமக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் 1952-ம் ஆண்டு டாப்ஸ் நிறுவனம் அச்சிட்ட, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டில் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் ஹெரிடேஜ் ஏலத்தில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. 2025 ஆகஸ்டில் கூடைப்பந்து வீரர்கள் மைக்கேல் ஜோர்டன், கோபி பிரையன்ட் இருவரும் கையெழுத்திட்ட ஒரு கார்டு அதையும் தாண்டி 1 கோடியே 29 லட்சத்தைத் தொட்டது. நீங்களும் நானும் விற்பது 20 டாலரிலிருந்து 500 டாலர் வரை. கலாட்டா நடப்பதும் அந்த விலையில்தான்.

வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு ஏன் பின்வாங்குகிறார்கள்?

முதல் காரணம், விலை நகர்ந்துவிடுகிறது. கார்டின் விலை அட்டையில் இல்லை, அதில் இருக்கும் ஆளின் முழங்காலில் இருக்கிறது. 2019-ல் என்பிஏ கூடைப்பந்து அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாகத் தேர்வான ஸயன் வில்லியம்சனை எடுத்துக்கொள்ளுங்கள். சீசன் தொடங்கும் நேரத்தில் முழங்கால் அறுவை சிகிச்சை, 2020 ஜனவரி வரை களமிறங்கவே இல்லை. பேஸ்பாலில் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியருக்கு 2022 ஆகஸ்டில் ஊக்கமருந்து விவகாரத்தில் 80 ஆட்டத் தடை விழுந்தது. இப்படி ஒரு செய்தி வரும் நாளில், முந்தைய இரவு ஏலத்தில் ஜெயித்து இன்னும் பணம் கட்டாமல் இருப்பவர் என்ன செய்வார்? கட்டாமலே இருந்துவிடுவார்.

காயம் இல்லாமலும் விலை சரியும். 1986-ல் ஃப்ளியர் வெளியிட்ட ஜோர்டன் கார்டு, கார்டுகளுக்குத் தர மதிப்பெண் போடும் பிஎஸ்ஏ நிறுவனம் பத்துக்குப் பத்து கொடுத்தது, 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்கு விற்றது. அடுத்த ஓராண்டுக்குள் அதே கார்டு, அதே தரம், பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஊரடங்குக் காலத்தில் ஏறிய சந்தை இறங்கிய அந்த மாதங்களில்தான் பணம் வராத ஏலங்களை நான் அதிகம் பார்த்தேன்.

இரண்டாவது காரணம் பேராசை, ஆனால் அப்பாவித்தனமான பேராசை. ஒரே கார்டு நான்கு இடங்களில் ஏலத்தில் இருக்கும். நான்கிலும் கேட்டுவைப்பார், ஒன்றாவது கிடைக்கட்டும் என்று. இரண்டு கிடைத்துவிடும். மலிவானதற்குக் கட்டிவிட்டு மற்றதைக் கண்டுகொள்ள மாட்டார்.

மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை இரவு. பெரும்பாலான ஏலங்கள் அப்போதுதான் முடியும். ஆட்டம் பார்த்த சூட்டில் கேட்ட விலை திங்கள் காலையில் வீட்டுக்கணக்கைப் பார்க்கும்போது வேறு மாதிரித் தெரியும். வீட்டம்மாவுக்குத் தெரியும்போது இன்னும் வேறு மாதிரி.

நான்காவதுதான் கெட்டது. வாங்கும் எண்ணமே இல்லாமல் விலையை ஏற்றிவிடுவதற்கென்றே கேட்பவர்கள். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அப்படியானால் எல்லோரும் மோசடிக்காரர்களா?

இல்லை. நான் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் சோம்பேறிகள், கூச்சப்படுபவர்கள். "வேண்டாம், மன்னிக்கவும்" என்று ஒரு வரி எழுதக் கூச்சப்பட்டுக்கொண்டு தலைமறைவாகிறார்கள்.

நம் ஊரில் கோயில் கடை, பஞ்சாயத்துக் குளம் குத்தகை ஏலம் விடும்போது, டேவணித் தொகை கட்டியவர் மட்டும்தான் ஏலம் கேட்கலாம் என்று நோட்டீஸில் போட்டிருப்பார்கள். கேட்டுவிட்டு ஓடினால் டேவணி போய்விடும். இணைய ஏலத்தில் நெடுங்காலமாக இல்லாமல் போனது அந்த டேவணிதான். கேட்பது இலவசம், ஜெயிப்பது இலவசம், பணம் கட்ட நான்கு நாள் அவகாசம். அந்த நான்கு நாளும் வாங்குபவர் கையில் இருக்கும் இலவசச் சீட்டு: விலை ஏறினால் கட்டுவார், இறங்கினால் நழுவுவார். கோபப்பட்டுப் பயனில்லை, இடைவெளியை அடைக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் வழிகள் எல்லாமே அந்த இடைவெளியை எங்கே, எப்படி அடைப்பது என்பதுதான்.

ஈபேயில் ஏலம் முடிந்து பணம் வரவில்லை. எப்போது ரத்து செய்யலாம்?

நான்கு நாள் முழுதாகக் கழிய வேண்டும். ஐந்தாம் நாள் "வாங்கியவர் பணம் கட்டவில்லை" என்ற காரணத்தோடு ரத்து செய்யலாம். அப்போது விற்பனைக் கமிஷன் உங்களுக்குத் திரும்பிவிடும், வாங்கியவர் கணக்கில் அது பதிவாகும். இதைத் தானாக நடக்கும்படி அமைப்பில் வைத்துக்கொள்ளவும் முடியும். ஐந்தாம் நாள் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

நடுவில் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள், இரண்டாம் நாள். மரியாதையாக, இரண்டு வரி. பாதிப் பேர் அதிலேயே கட்டிவிடுவார்கள் என்பது என் அனுபவம். மூன்றாவது கடிதத்துக்குப் பணம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

"தெரியாமல் கேட்டுவிட்டேன், ரத்து செய்துவிடுங்கள்" என்கிறார். செய்யலாமா?

செய்துவிடுங்கள். ஆனால் காரணத்தைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். "வாங்கியவர் ரத்து கேட்டார்" என்று போட்டால் அவர் பெயருக்குக் கறை இல்லை, உங்களுக்கும் இல்லை. அவசரத்தில் "சரக்கு கையிருப்பில் இல்லை" என்று போட்டுவிட்டால் அது உங்கள் குறையாகப் பதிவாகும். புதியவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

ஒரு சொந்த அனுபவம். ஒரு கூடைப்பந்து வீரரின் முதல் வருடக் கார்டு, ஞாயிறு இரவு 410 டாலருக்கு முடிந்தது. செவ்வாய்க்கிழமை அந்த வீரர் நொண்டிக்கொண்டே மைதானத்தை விட்டுப் போனார். புதன்கிழமை காலை கடிதம்: "என் மூன்று வயது மகள் போனை எடுத்து அழுத்திவிட்டாள்." ஏலத்தில் கடைசி பத்து நொடியில் மூன்று முறை விலையை உயர்த்திய மூன்று வயதுக் குழந்தை! சிரித்துவிட்டு ரத்து செய்தேன். மறுபடி போட்டபோது 265-தான் கிடைத்தது. அந்த 145 டாலரைக் கல்விக் கட்டணமாக எழுதிக்கொண்டேன்.

அவருக்குக் கெட்ட ஃபீட்பேக் போட முடியாதா?

ஈபேயில் முடியாது. 2008 முதல் விற்பவர்கள் வாங்குபவர்களுக்கு நல்லது மட்டும்தான் போட முடியும். நல்ல ஃபீட்பேக் என்று போட்டுவிட்டு உள்ளே திட்டி எழுதும் தந்திரத்தைச் சிலர் செய்கிறார்கள். அது விதிமீறல், வேண்டாம். தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். பணம் கட்டாமல் ரத்தான பதிவுகள் உள்ளவர்களை உங்கள் பக்கமே வரவிடாமல் தடுக்கும் ஓர் அமைப்பும் இருக்கிறது, அதை இன்றே போட்டுவையுங்கள்.

ஃபீட்பேக் பூஜ்யம் உள்ளவர்களை எல்லாம் தடுக்கச் சொல்லி எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாம் எல்லோரும் பூஜ்யத்தில்தான் தொடங்கினோம்.

அடுத்த இடத்தில் இருந்தவருக்கு "இரண்டாம் வாய்ப்பு" அனுப்பலாமா?

அனுப்பலாம். ஆனால் அனுப்பும் முன் ஏலப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

மூன்று பேர் கேட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 180-ல் நின்றார், இரண்டாமவர் 290 வரை வந்தார், ஜெயித்தவர் 295. ஜெயித்தவர் ஓடிவிட்டார். இரண்டாம் வாய்ப்பு என்பது இரண்டாமவருக்கு அவர் கேட்ட உச்ச விலையான 290-க்கே போகும். ஆனால் அவர் கண்ணில் கணக்கு வேறு: அந்த ஓடிப்போன ஆள் இல்லையென்றால் தனக்கு இது 180-ஐ ஒட்டிக் கிடைத்திருக்கும். அதுமட்டுமல்ல, "இந்த விற்பனையாளரே ஆள் வைத்து ஏற்றிவிட்டாரோ" என்ற சந்தேகமும் வரும். அது நியாயமான சந்தேகம்தான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் எனக்கும் வரும்.

அதனால் முதல் இருவருக்கும் மூன்றாமவருக்கும் நடுவே பெரிய பள்ளம் இருந்தால் நான் இரண்டாம் வாய்ப்பு அனுப்புவதில்லை. மறுபடி பட்டியலிடுகிறேன். 280, 285, 290 என்று பலர் நெருக்கமாக நின்றிருந்தால் உடனே அனுப்புகிறேன், அப்போது பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். தாமதிக்கக் கூடாது. மூன்று நாளில் அவர் வேறு இடத்தில் வாங்கியிருப்பார்.

ஏலத்தை விட்டு நிலையான விலைக்குப் போனால் தப்பிக்கலாமா?

பெரும்பாலும், ஆம். நிலையான விலையில் "உடனே பணம் கட்ட வேண்டும்" என்ற பெட்டியைத் தேர்வு செய்தால், பணம் வரும்வரை கார்டு விற்றதாகவே ஆகாது. வாங்குபவர் பேரம் பேசிச் சொல்லும் விலையை, அதாவது ஆஃபரை, ஏற்கும்போதும் பணத்தை உடனே எடுத்துக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. சில ஏலங்களிலும் கேட்பதற்கு முன்பே கிரெடிட் கார்டு எண்ணையோ பேபாலையோ இணைக்கச் சொல்கிறார்கள். ஒரு வழியாக டேவணி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஏலம் எதற்கு? விலை யாருக்கும் தெரியாத கார்டுக்கு. ஐந்தே ஐந்து அச்சிட்ட கார்டு, கடைசியாக விற்றது எப்போது என்றே தெரியாதது, அதற்கு ஏலம்தான் சரி. தினமும் பத்து விற்கும் கார்டை ஏலத்தில் விடுவது வீண் ஆசை.

பணம் கட்டாத ஏலம் மற்றவர்களை எப்படிப் பாதிக்கிறது?

இதுதான் யாரும் போதுமான அளவு பேசாத விஷயம். கார்டு வாங்குபவர் எல்லோரும் விலை பார்ப்பது "விற்றவை" பட்டியலில். பணம் வராத ஏலமும் அங்கே விற்றதாகத்தான் நிற்கும். ஒருவர் பத்து கார்டு வாங்கி வைத்துக்கொண்டு, பதினோராவது கார்டின் ஏலத்தை நண்பரை விட்டு இரண்டு மடங்கு ஏற்றி, பணம் கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? கமிஷன் திரும்பிவிடும். பட்டியலில் மட்டும் அந்தப் பெரிய எண் நிற்கும். பிறகு அவர் கையிலுள்ள பத்தையும் அந்த எண்ணைக் காட்டி விற்பார்.

தப்பிக்க ஒரு வழி: ஒரே ஒரு பெரிய விற்பனையை நம்பாதீர்கள், கடைசி ஐந்தாறைப் பாருங்கள். தரச்சான்று பெற்ற கார்டு என்றால் அதன் பிளாஸ்டிக் உறையில் சான்று எண் இருக்கும். அதே எண் உள்ள கார்டு பத்து நாளில் மறுபடி விற்பனைக்கு வந்திருந்தால் முதல் விற்பனை நடக்கவில்லை என்று அர்த்தம். ஆஃபரில் போனவற்றுக்கு உண்மையில் கொடுத்த விலையை 130பாயின்ட் என்ற தளம் காட்டும்.

பணம் கட்டிவிட்டார், கார்டும் போய்ச் சேர்ந்தது. இப்போது "மூலை மடங்கியிருக்கிறது" என்று திருப்புகிறார்.

வீட்டு வாசலில் கேஷ் ஆன் டெலிவரி பார்சலைத் திருப்பி அனுப்புவதற்கு இது அண்ணன் முறை. ஈபேயில் பொருள் கைக்கு வந்து 30 நாள் வரை "சொன்னபடி இல்லை" என்று புகார் தரலாம். நீங்கள் திருப்பி வாங்க மாட்டேன் என்று எழுதியிருந்தாலும் இது செல்லும். உண்மையான புகார்களும் வரும், அதை மறக்க வேண்டாம். கார்டின் விளிம்பில் நூலிழை வெள்ளை தெரிந்தாலே தரம் இறங்கிவிடும், நம் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம்.

பயம் மாற்றி அனுப்புவதில்தான். நல்ல கார்டை வைத்துக்கொண்டு அதே மாதிரி அடிபட்ட கார்டைத் திருப்புவார்கள். அதனால் உறையில்லாத கார்டு என்றால் நான்கு மூலை, முன்பக்கம், பின்பக்கம் என்று நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துவையுங்கள். அச்சில் இருக்கும் புள்ளி, நடுவிலிருந்து விலகிய அளவு இதெல்லாம் கைரேகை மாதிரி, இரண்டு கார்டில் ஒன்றாக இருக்காது. விலை அதிகம் என்றால் பேக் செய்வதையே வீடியோ எடுங்கள். மென்உறை, அதன்மேல் டாப்லோடர் என்னும் கெட்டி பிளாஸ்டிக் உறை, வாயில் பெயின்டர் டேப், இரு பக்கமும் அட்டை. செலோடேப் வேண்டாம், பிரிக்கும்போது அவரே கார்டை மடக்கிவிட்டு உங்களைச் சொல்வார். 750 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால் கையெழுத்து வாங்கித் தரும் டெலிவரி கட்டாயம், இல்லையென்றால் "வரவே இல்லை" என்ற புகாரில் நீங்கள் தோற்பீர்கள்.

அமெரிக்காவில் ஈபே 2022-ல் கார்டுகளுக்கு நடுவில் ஒரு சோதகரை வைத்தது. முதலில் 750 டாலருக்கு மேல், பிறகு 250-க்குக் குறைத்தார்கள். கார்டு நேரே வாங்குபவருக்குப் போகாமல் சோதகரிடம் போய்ப் பிறகு போகும். திருப்பி வந்தாலும் அதே வழியில்தான் வரும் என்பதால் மாற்றி அனுப்பும் வேலை அங்கே நடக்காது. அந்த விலைக்கு மேல் விற்கும்போது எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.

ஃபேஸ்புக் குழுவில் "எனக்கு" என்று முதலில் எழுதியவர் காணாமல் போனால்?

24 மணி நேரம் என்று பதிவிலேயே எழுதிவிடுங்கள். தாண்டினால் அடுத்தவருக்கு. பஞ்சாயத்து வேண்டாம். பணம் வருமுன் தபால் பெட்டிப் பக்கமே போகாதீர்கள்.

பணம் பேபாலில் வந்தால் "பொருள், சேவை" வகையில் வாங்குங்கள். சுமார் 3 சதவீதம் போகும், போகட்டும். "நண்பர், குடும்பம்" வகையில் அனுப்பச் சொல்லும் விற்பனையாளரைக் கண்டால் விலகிவிடுங்கள். முன்பின் தெரியாதவர் நமக்கு நண்பரும் இல்லை, குடும்பமும் இல்லை. அந்த வகையில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது.

பிரேக்கில் இடம் வாங்கியவர், நல்ல கார்டு வராததால் வங்கியில் சொல்லிப் பணத்தைத் திரும்ப எடுத்துவிட்டார்.

பிரேக் என்றால், ஒருவர் பெட்டியை நேரலையில் பிரிப்பார், மற்றவர்கள் ஆளுக்கொரு அணியை முன்பணம் கொடுத்து வாங்கியிருப்பார்கள், அந்த அணியின் கார்டு வந்தால் அவர்களுக்கு. ஒன்றும் வராமல் போனவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். உங்கள் ஆயுதம் முழு வீடியோ: மூடிய பெட்டி முதல் கடைசி கார்டு வரை, வெட்டாமல். "கார்டு வராமல் போகலாம்" என்ற நிபந்தனையை அவர் வாங்கிய பக்கத்தின் படத்தோடு சேர்த்து வங்கிக்கு அனுப்புங்கள். ஜெயிக்கலாம், தோற்கலாம். சிறிய தொகைக்கு நான் மல்லுக்கட்டியதில்லை.

கோர்ட்டுக்குப் போகலாமா?

சட்டம் உங்கள் பக்கம்தான். ஏறக்குறைய எல்லா அமெரிக்க மாநிலங்களும் ஏற்றிருக்கும் யூனிஃபார்ம் கமர்ஷியல் கோட் என்ற வணிகச் சட்டத் தொகுப்பின்படி ஏலத்தில் சுத்தியல் விழுந்தால் விற்பனை முடிந்தது. வாங்கியவர் மறுத்தால் நீங்கள் நியாயமான முறையில் வேறொருவருக்கு விற்று, விலையில் விழுந்த வித்தியாசத்தை அவரிடம் கேட்கலாம். 145 டாலருக்காக வேறு மாநிலத்தில் இருப்பவர் மேல் வழக்குப் போடுவதா என்பது வேறு கேள்வி. லட்சக்கணக்கில் புரளும் ஏல நிறுவனங்கள்தான் அதைச் செய்யும்.

நான் வாங்குபவன். தவறாகக் கேட்டுவிட்டேன், என்ன செய்வது?

ஏலம் இன்னும் ஓடுகிறது என்றால் விலக்கிக்கொள்ள வழி உண்டு: 50.00 என்பதற்கு 5000 என்று அடித்துவிட்டது, பொருள் விவரத்தை விற்பவர் பெரிதாக மாற்றியது, அவரைத் தொடர்புகொள்ளவே முடியாதது போன்ற காரணங்களுக்கு. கடைசி 12 மணி நேரத்தில் கேட்டது என்றால் கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் விலக்க வேண்டும். ஜெயித்துவிட்டீர்கள் என்றால் உடனே எழுதுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் ரத்து கேட்பவரை யாரும் திட்டுவதில்லை. நான்கு நாள் கழித்து வருபவரைத்தான் திட்டுகிறார்கள்.

அமெரிக்காவில் மூன்று நாளில் மனம் மாறலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது வீடு தேடி வந்து விற்பவர்களுக்கானது, இணையத்தில் வாங்கியதற்குப் பொருந்தாது. பிரிட்டனில் வேறு கதை: தொழிலாக விற்பவரிடம் இணையத்தில் வாங்கினால் 14 நாள் உரிமை உண்டு, இணைய ஏலம் என்றாலும். தனிநபர் விற்றால் அந்த உரிமை இல்லை.

விற்பவர்கள் பின்வாங்குவதே இல்லையா?

நிறையவே. ஏலம் 60 டாலரில் முடிந்ததும் "கார்டு தொலைந்துவிட்டது", "நாய் கடித்துவிட்டது" என்று எழுதுவார்கள். அடுத்த வாரம் அதே கார்டு 120-க்கு நிற்கும். நாம் உத்தமர்கள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

ஒருமுறை ஓடியவர் திரும்பி வந்து மறுபடி கார்டு கேட்டால் கொடுக்கலாமா?

அந்த மூன்று வயது மகளின் அப்பா எட்டு மாதம் கழித்து எழுதினார். வீரர் தேறிவிட்டார், அதே வரிசையில் வேறொரு கார்டு என்னிடம் இருந்தது. தடைப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்தேன். ஏலம் கிடையாது, நிலையான விலை, உடனே பணம் என்றேன். மூன்று நிமிடத்தில் பணம் வந்தது. மகள் நலமா என்று கேட்டு ஒரு சீட்டும் வைத்து மறுநாள் அனுப்பினேன்.